கோலத்தைத் தாண்டாத கால்

இது எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் லஸ் பக்கம் வாருங்கள், வாசலையே காட்டுகிறேன்.

என் கோலத்தை யாரோ தினமும் மிதித்தார்கள். யார் என்று தெரியவில்லை.

விவாகரத்து ஆன கையோடு, ஒரு பழைய அபார்ட்மென்டின் இரண்டாம் மாடிக்குத் தனியாகக் குடிவந்தேன். தனியாக இருக்கும் பெண் என்றதும் பலர் வீடு தரவில்லை. இதுவும் போனால் அண்ணன் வீட்டு ஹாலில் பாய் விரிக்க வேண்டியதுதான்.

மனசு சிதறாமல் இருக்க எனக்கு நானே ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். விடிந்ததும் வாசலில் சிக்குக் கோலம். பிறகு காபி. மாலையில் விளக்கு. இவை நடந்துவிட்டால் அன்றைய நாளைத் தாண்டிவிடுவேன்.

சிக்குக் கோலத்தில் கோடு புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடி, தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். எங்கும் இடைவெளி இருக்காது. கெட்டது எதுவும் அதைத் தாண்டாது என்பார்கள். அதனால் வாசல் அகலத்துக்கும் போடுவேன்.

காபி குடித்துவிட்டுக் கதவைத் திறந்தால், உள்பக்கத்து வளைவு மட்டும் கலைந்திருக்கும்.

எதிர்வீட்டு ஸ்வர்ணலதா சிரித்தாள். "ஏண்டி தீபிகா, கஷ்டப்பட்டுப் போட்டுட்டு நீயே மிதிச்சுண்டு போறியா?"

"நான் இன்னும் வெளியவே வரலை."

"அப்போ பூனைதான். எங்காத்துப் பாலையும் அதுதான் குடிக்கறது."

குனிந்து பார்த்தேன். கால் எந்தத் திசையில் இழுபடுகிறதோ, அந்தப் பக்கம் மாவு சின்னக் கரை மாதிரி ஒதுங்கும். வெளியிலிருந்து வந்த கால் என்றால் கரை என் கதவுப் பக்கம் இருக்க வேண்டும். இது மாடிப்படிப் பக்கம் இருந்தது.

மிதித்தவர் உள்ளேயிருந்து வந்திருக்கிறார்.

உள்ளே நான் மட்டும்தான்.

மறுநாள் கோலம் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தே வைத்தேன். ஹாலில் உட்கார்ந்தேன். நன்றாக விடிந்துவிட்டது. ஐந்தே முக்கால்.

சரக்... சரக்...

பின்னறையிலிருந்து. செருப்புச் சத்தம். வீட்டுக்குள் நான் செருப்புப் போடுவதில்லை.

என் முழங்காலை ஒட்டிக் கடந்தது. யாருமில்லை.

சரக்...

வாசலில் மாவு நகர்ந்தது. ஒரு செருப்புத் தடம். ஆண் செருப்பு.

அடுத்த கோடு வந்ததும் நின்றது.

பிறகு... மெதுவாகத் திரும்பியது.

தடத்தின் முனை என்னைப் பார்த்து இருந்தது.

அதைத் தாண்டி எப்படி வெளியே தாவினேன், தெரியாது. ஸ்வர்ணலதா வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். கேட்டதும் அவள் முகம் மாறியது.

"சுப்பராமன் மாமா. உன் ஆத்துலதான் இருந்தார். மாமி போனப்புறம் அவரைத் தூக்கி நிறுத்தினதே காலம்பற வாக்கிங்தான். நாகேஸ்வர ராவ் பார்க். மழைன்னாலும் போவார்."

"அப்புறம்?"

"மறதி வந்துடுத்து. வழி தெரியாம எங்கயோ போயிட்டார். அதுலேருந்து பிள்ளை வெளியில பூட்டிண்டு ஆபீஸ் போனான். ஒரு நாள் வந்து திறந்தா... கதவைப் பார்த்து உக்காந்த மேனிக்குப் போயிருந்தார். கால்ல செருப்பு."

"ஏன் முன்னாடியே சொல்லலை?"

"சொன்னா நீ குடி வந்திருப்பியா?"

எனக்குப் போக்கிடம் இல்லை. கோலத்தை விடவும் முடியாது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

இப்போதெல்லாம் கோலத்தை மூடுவதில்லை. ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு நடுவில் வழி விடுகிறேன். கோடு கலைவதில்லை. காலையில் போகிறார். மாலை நான் விளக்கேற்றும் நேரத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறார்.