பாதி ரத்தக்காட்டேரியின் முழுக் கோட்டு

திங்கட்கிழமை காலை உறையைப் பிரித்ததும் கோட்டு பளபளவென்று இருந்தது. கறுப்புத் தோலில் என் மூஞ்சியே தெரிந்தது. ஒரு கிழிசல் இல்லை. ஒரு பொட்டு ரத்தம் இல்லை. உள்ளே வேறு கோட்டு இருக்கிறதா என்று உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன்.

கோட்டு சுத்தமாக இருந்தால் நல்லதுதானே, இந்த ஆள் ஏன் பதறுகிறான் என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்கள் இன்னும் சினிமாவில் உடைப் பிரிவுக்கு வரவில்லை என்று அர்த்தம். வரப்போகிற பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு வாருங்கள். வந்த பிறகு பட்டுத் தெரிந்துகொள்வதைவிட இது வலி குறைவு.

நான் டிரெஸ்மேன். பெயர் இசக்கிமுத்து, பம்பாய் செட்டில் எல்லோருக்கும் முத்து தாதா, அதாவது அண்ணன். நடிகருக்கு உடை எடுத்து வைப்பது, மாட்டிவிடுவது, கழற்றி வாங்குவது, மறுநாள் அதே மடிப்போடு திரும்ப மாட்டிவிடுவது என் வேலை. கடைசியில் என் பெயர் ஓடும்போது ஜனங்கள் அடுத்த எபிசோடுக்குத் தாவிவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. இல்லை என்று சொல்லமாட்டேன்.

1. பாதி என்றால் எந்தப் பாதி?

அது செல்போனில் பார்க்கிற தொடர். ஒரு சூப்பர்ஹீரோ காமிக்ஸிலிருந்து எடுத்தது. கதாநாயகனின் அப்பா ரத்தக்காட்டேரி, அம்மா பம்பாய் செம்பூரில் நர்ஸ். இரண்டும் கலந்து பிறந்தவன், அப்பா வழி ஆட்களைத் தேடித் தேடி வேட்டையாடுகிறான். காட்டேரிகளின் பலமெல்லாம் அவனுக்கும் உண்டு. அடிபட்டால் காயம் தானாக ஆறிவிடும். ஆனால் மற்ற காட்டேரிகளைப் போல வெயில் பட்டால் சாம்பலாகமாட்டான். அதனால் பட்டப்பகலில் நீளமான கறுப்புத் தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு நடப்பான். இதை எழுதியவர் மே மாதத்தில் நாங்கள் ஷூட்டிங் எடுத்த டிராம்பே பக்கம் வந்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

முதல் மீட்டிங்கில் பல்லைப் பற்றியே பாதி நாள் போயிற்று. பாதிக் காட்டேரிக்குக் கோரைப்பல் இரண்டா, ஒன்று போதுமா? ஒன்று போதும் என்றார் மேக்கப்காரர். ஒற்றைப் பல்லோடு வந்தால் எதிரி பயப்படுவானா, பல் டாக்டரிடம் கூட்டிப்போவானா என்று டைரக்டர் மேடம் கேட்டார். கடைசியில் இரண்டு பல், ஆனால் குட்டையாக என்று முடிவாயிற்று. ஹீரோ அந்தப் பல்லோடு வடாபாவைக் கடிக்கப் போய், ஒரு பல் பன்னோடு போய்விட்டது. "தாதா, இன்னைக்கு நான் கால் காட்டேரி" என்று சிரித்தார். நல்ல பையன்.

என் பங்குக்கு நானும் ஒரு கேள்வி கேட்டேன். அவன் உடம்பில் காயம் தானாக ஆறுமே, கோட்டும் ஆறுமா என்றேன். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கோட் தோ கோட் ஹை, தாதா. ஃபட்டா தோ ஃபட்டா."

கோட்டு கோட்டுதான், கிழிந்தால் கிழிந்ததுதான். அந்த ஒரு வரிதான் பின்னால் என் உயிரை எடுத்தது.

2. தோல் பறக்காது

கோட்டு தைக்க என் மாப்பிள்ளை சுடலையை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது. சுடலை என் மனைவியின் தம்பி. தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கிறான். காமிக்ஸ் புத்தகத்தைக் கொண்டுபோய் அவனிடம் காட்டினேன். எல்லாப் படத்திலும் கோட்டு பின்னால் விரிந்து பறந்துகொண்டிருந்தது. சுடலை பக்கம் பக்கமாகப் புரட்டினான்.

"அத்தான், இங்க இவன் வீட்டுக்குள்ளல்லா நிக்கான். இங்கயும் பறக்கு. ஃபேனு எங்க இருக்கு?"

"காமிக்ஸ்ல அப்படித்தான் பறக்கும் மாப்ள."

"தோலு பறக்காது. பறக்கணும்னா குடைத்துணில தச்சுத் தாரேன், கொண்டு போங்க."

பறக்க வைப்பது என் பாடு என்று அவனைச் சமாதானப்படுத்தினேன். (பின்னால் இரண்டு பேர் தரையில் படுத்துக்கொண்டு நைலான் நூலால் இழுத்துத்தான் பறக்க வைத்தோம்.) கோட்டைப் போடப் போகிறவன் யார் என்று கேட்டான். அப்பா காட்டேரி, அம்மா மனுஷி, மகன் அப்பா கூட்டத்தையே வெட்டுகிறான் என்று கதையைச் சொன்னேன். சுடலை கத்தரியைக் கீழே வைத்துவிட்டான்.

"சொந்தத்துக்குள்ளயேவா? சொத்துத் தகராறா?"

"அதெல்லாம் இல்ல. நல்லவன். ஜனங்களக் காப்பாத்துதான்."

"அப்பம் அது அவங்கம்மா வளப்பு" என்று சொல்லிவிட்டுத் தைக்க உட்கார்ந்தான்.

மிருதுவான ஆட்டுத்தோல் எடுத்தான். காலரைக் கையாலேயே தைத்தான். வெளியே தெரியாத உள்பக்கத்துக்குக்கூட நல்ல சிவப்புத் துணி போட்டான். முடிந்ததும் அந்தச் சந்தில் இருந்த அத்தனை பட்டறைக்கும் கோட்டை ஊர்வலம் கொண்டுபோனான். போட்டுப் பார்க்க ஆசைப்பட்ட ஒருத்தரையும் விடவில்லை. "ஹீரோ போடுதது. உங்க வேர்வ ஆகாது" என்றான்.

அவன் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேருக்கு வந்த எந்தச் சாமானும் கேட்ட ரிப்பேரோடு மட்டும் திரும்பிப் போகாது. பையின் வாரைத் தைக்கக் கொடுத்தால், விட்டுப்போன ஓரத்தையும் தைத்து, துடைத்து, பாலிஷ் போட்டுத்தான் வரும். யாரும் கேட்க வேண்டியதில்லை. "அழுக்கோட அனுப்புனா எம்பேருல்லா அழுக்காவும்" என்பான். இதை நான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன், பாராட்டியிருக்கிறேன், என் செருப்புக்கு அனுபவித்தும் இருக்கிறேன். சமயத்தில் மறந்து தொலைத்தேன்.

3. எறும்பு வந்த ரத்தம்

சண்டைக்கு முன்னால் அந்தக் கோட்டைக் கிழித்தவன் நான். எங்கள் தொழிலில் இதற்கு டிஸ்ட்ரெஸ் செய்வது என்று பெயர். புது உடையை மண்ணில் புரட்டி, உப்புத்தாளால் தேய்த்து, பிளேடால் கீறி, உழைத்துக் களைத்த மாதிரி ஆக்குவது. முதுகில் நீளமாக நகக்கீறல்கள் போட்டேன். தோளில் ஒரு கிழிசல், கையில் ஒரு கிழிசல். சுடலை இழைத்து இழைத்துத் தைத்த தோலில் பிளேடை இறக்க மனசே வரவில்லை. ஆனால் அதுதான் வேலை.

அதன்மேல் ரத்தம் ஊற்றினோம். சினிமா ரத்தம் என்பது சர்க்கரைப் பாகில் கலர் கலந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஹேங்கரில் தொங்கிய கோட்டில் எறும்பு சாரை கட்டிவிட்டது. ஊரிலுள்ள காட்டேரிகளை எல்லாம் ஓடவிட்ட ஹீரோ, அக்குளில் எறும்பு கடித்ததும் மேடம் கட் சொல்வதற்குள் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்.

இங்கே வைதேகியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டுங்காத் தமிழ்ப் பெண். கண்டின்யூட்டி பார்ப்பது அவள் வேலை. சண்டையில் பாதியைச் சனிக்கிழமை எடுப்பார்கள், மீதியைத் திங்கட்கிழமை எடுப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது ஒரே சண்டை. அதனால் சனிக்கிழமை எங்கெங்கே கிழிசலும் ரத்தமும் இருந்தனவோ, திங்கட்கிழமையும் அங்கங்கே இருக்க வேண்டும். வைதேகி எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வாள். "முத்து அண்ணா, எறும்பையும் கண்டின்யூட்டில சேத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். அவ்வளவு வாய்.

ஸ்டண்ட்காரருக்கு ரெக்சினில் இன்னொரு கோட்டு இருந்தது. தூரத்தில் தாவும்போது சரி. கிட்டத்தில் ஸ்கூட்டர் சீட்டு மாதிரி இருக்கும். ஹீரோவுக்குச் சுடலை தைத்த கோட்டு ஒன்றுதான்.

4. ஜிப் மட்டும்

சனிக்கிழமை கடைசி ஷாட்டில் கோட்டின் ஜிப் பிய்ந்துவிட்டது. மறுநாள் எங்களுக்கு விடுமுறை. புரொடக்ஷன் காரில் கோட்டைத் தாராவிக்கு அனுப்பிவிட்டு, "மாப்ள, ஜிப்ப மட்டும் மாத்திக் குடு, திங்கக்கெழம காலைல செட்டுல வேணும்" என்று போனில் பேசி அனுப்பினேன். கிழிசலைப் பற்றியும் ரத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் செட்டில் டீ கொடுக்கிறவருக்குக்கூடத் தெரியும் அதைத் தொடக்கூடாது என்று. பட்டறையில் யாருக்கும் தெரியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

திங்கட்கிழமை சுடலை தானே கோட்டைக் கொண்டுவந்தான். செட்டுக்கு அவன் வருவது அதுதான் முதல் தடவை. டிராம்பே கழிமுகத்துப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு கோடவுனில் ஷூட்டிங். கல்யாணத்துக்குப் போடுகிற சட்டை, படிய வாரிய தலை, தோளில் உறை போட்ட கோட்டு. பஸ்ஸில் யாரும் இடித்துவிடாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தானாம்.

"எங்கயோ வசமா மாட்டிருக்கு அத்தான். நாய் கொதறுன மாதிரில்லா கெடந்துச்சு. ஞாயித்துக்கெழம பூரா உக்காந்துட்டேன். உள்ள தோலு வச்சு எல்லாத்தயும் மூடியாச்சு. எங்க கிழிஞ்சிருந்துச்சுன்னு கண்டுபிடிங்க பாப்பம்."

கண்டுபிடிக்க முடியவில்லை. வைதேகி வந்தாள். போனைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

"அண்ணா, ரத்தம் எங்கே போச்சு?"

"சோப்பு போட்டுத் தொடச்சிட்டேம்மா" என்றான் சுடலை பெருமையாக. "ஒரே பிசுபிசுப்பு. எறும்பு வேற."

"ஐயோ, மேடம் பாத்தா நம்மளையே கடிச்சு வச்சுடுவா!" என்றாள் வைதேகி.

காட்டேரி வேஷம் போட்ட ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் வெள்ளைப் பவுடரோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோடவுன் அன்றைக்கு வரைக்கும்தான் எங்கள் கையில். கோட்டு பொருந்தாவிட்டால் ஷூட்டிங் நிற்கும். ஷூட்டிங் நின்றால் என் வேலை போகும், அதில் சந்தேகமே வேண்டாம். பொருந்த வேண்டுமானால், லீவு நாள் முழுக்க உட்கார்ந்து தைத்ததை அவன் கண்ணெதிரிலேயே நான் கிழிக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், வேலை போவதைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. என் மேல் அவ்வளவு பிரியமுள்ள பையன்.

5. பிளேடு யார் கையில்

வேனுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னேன்.

"மாப்ள, அது தானா கிழியல. நாந்தான் கிழிச்சேன். கதைக்கு அப்படி இருக்கணும்."

சுடலை கோட்டின் முதுகைத் தடவிப் பார்த்தான்.

"நான் தச்சத நீங்க கிழிச்சியளா?"

"அதாம்யா என் வேல."

"அக்காட்ட சொன்னியளா?"

"இல்ல."

"நான் சொல்லுதேன்."

அதற்குள் மேடம் வந்துவிட்டார். கோட்டைத் தூக்கிப் பார்த்து, இவன் வேட்டைக்குப் போகிறானா மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறானா என்று கத்தினார். நான் கும்பிட்டேன். சுடலை கும்பிடவில்லை. பம்பாய் ஹிந்தியில் மேடத்திடமே வாதாட ஆரம்பித்துவிட்டான். இவனுக்கு அம்மா இருக்கிறார், அதுவும் நர்ஸ். ஊரெல்லாம் தையல் போடுகிற அம்மா, மகன் கந்தலோடு திரிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா என்று கேட்டான். சண்டைக்கு நடுவில் அம்மா ஊசியோடு வருவாரா என்று மேடம் திருப்பிக் கேட்டார். சுடலை யோசித்துப் பார்த்தான்.

"அது சரிதான்" என்று என்னிடம் தமிழில் ஒப்புக்கொண்டான்.

நான் பிளேடை எடுத்தேன். எங்கே தொடங்குவது என்று கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுடலை வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"தள்ளுங்க. உங்க கைல விட்டா தோலயும் சேத்துல்லா கெடுப்பிய."

வைதேகி போனில் படத்தைக் காட்டக் காட்ட, தான் போட்ட தையலைத் தானே பிரித்தான். ஒவ்வொரு கிழிசலும் வாயைத் திறக்கும்போது, "இது சின்னதுதான, இருந்துட்டுப் போட்டுமே" என்று அவளிடம் கெஞ்சினான். அவள் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. ரத்தம் ஊற்றும்போது மட்டும் பார்க்கமாட்டேன் என்று டீ குடிக்கப் போய்விட்டான். பாலிஷ் போட்ட தோலில் ரத்தம் நிற்காமல் உருண்டு ஓடியது. மண்ணைத் தேய்த்துத் தேய்த்து நிற்க வைத்தேன்.

முடிந்தது என்று மூச்சு விட்டால், புதுச் சிக்கல். கிழிசல்களின் இரண்டு ஓரத்திலும் ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. தோலில் விழுந்த துளை மூடாது. சனிக்கிழமை இதெல்லாம் இல்லையே என்று வைதேகி தலையில் கை வைத்துக்கொண்டாள். பல்லை மாட்டிக்கொண்டு வந்த ஹீரோ குனிந்து பார்த்துவிட்டு, யாரோ கடித்த தடம் மாதிரி இருக்கிறதே என்றார். மேடம் அவரைப் பார்த்தார், துளைகளைப் பார்த்தார், பவுடரோடு உட்கார்ந்திருந்த காட்டேரிகளைப் பார்த்தார்.

அப்படித்தான் கதையில் இல்லாத ஒரு ஷாட் பிறந்தது. காட்டேரிகள் கூட்டமாக ஹீரோவின் முதுகில் விழுந்து கடிக்கும், ஊசித் துளையெல்லாம் பல் பட்ட தடம் ஆகிவிடும். கடித்தார்கள். சுடலை போட்ட பாலிஷ் வாயெல்லாம் கசந்து, முகம் கோணிப் பின்வாங்கினார்கள். பாதிக் காட்டேரியின் ரத்தம் ஒத்துக்கொள்ளாத முகம் அதுதான் என்று மேடம் கைதட்டினார். டீ குடித்துவிட்டு வந்த சுடலை, "நல்ல பாலிஷு அத்தான் அது" என்றான் மெதுவாக.

6. எங்கே கிழியும்?

தொடர் வந்த அன்று நானும் மனைவியும் தாராவிக்குப் போனோம். பட்டறையில் எல்லோரும் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஹீரோ முதுகைக் காட்டியதும் கூட்டம் உச்சுக் கொட்டியது. என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். விஷயம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. சுடலை படத்தை நிறுத்திப் பெரிதாக்கினான்.

"இத்தன கடி கடிச்சும் காலரு பிரிஞ்சிருக்கா, பாருங்கல."

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இதுதான். உடை தைக்கிறவரிடம் அளவைச் சொல்லும்போதே, அந்த உடைக்கு என்ன நடக்கப்போகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். கிழியுமா, எரியுமா, சேற்றில் விழுமா, எல்லாவற்றையும். அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. நமக்கும் திங்கட்கிழமை காலையில் நெஞ்சு அடைக்காது.

இரண்டாம் பாகத்துக்குப் புதுக் கோட்டு வேண்டியிருந்தது. இந்தத் தடவை நானே போய் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். சுடலை பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெட்டி வைத்த தோலையும் ஒரு சாக்பீஸையும் என்னிடம் நீட்டினான்.

"எங்கெங்க கிழியணும்னு கோடு போட்டுட்டுப் போங்க."

எனக்கு நிம்மதியாகிவிட்டது. போட்டுவிட்டு வந்தேன். கோட்டு தயாராகி வந்ததும் விரித்துப் பார்த்தேன். நான் கோடு போட்ட இடத்திலெல்லாம் உள்ளே இன்னொரு தோல் வைத்து இரட்டைத் தையல் போட்டிருந்தான்.

"மாப்ள, இதெல்லாம் கிழிய வேண்டிய எடம்யா!"

"தெரியும் அத்தான். கிழிக்கட்டும். காட்டேரின்னா கொஞ்சம் கஷ்டப்பட்டுக் கிழிக்கட்டும்."