முந்திரிச் சாறும் ஒரு வெள்ளை ரவிக்கையும்

“…இப்ப ஒண்ணும் தெரியாதுக்கா. முந்திரிக் கறை ஈரத்துல ஒளிஞ்சிகினு இருக்கும். காஞ்சப்புறம்தான் மூஞ்சக் காட்டும்” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். அவள் கையில் ஒரு வெள்ளைப் பட்டு ரவிக்கை. அதை என் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ காய விடாம வெச்சிருந்தா?” என்று கேட்டேன். பயத்தில் வருகிற யோசனை அப்படித்தான் இருக்கும்.

“ஆமா, பொண்ணு நாளைக்கு ஈர ரவிக்கையோட சர்ச்சுக்குப் போவும்.”

அவள் தையல் வேலை செய்பவள். பிறந்தது பூந்தமல்லி, கல்யாணமாகி அயனம்பாக்கத்துக்கு வந்தவள். இதுவரை புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது, சுடிதார் பிடிப்பது என்று சின்ன வேலைகள்தான் வரும். ஈஸ்டர் முடிந்ததும் வானகரத்தில் ஒரு கல்யாணம், அதற்குத்தான் முதன்முதலாக ஒரு மணப்பெண் ரவிக்கை அவளை நம்பி வந்திருந்தது. புடவையோடு சேர்ந்து வந்த துணியில் வெட்டித் தைத்தது, மாற்றுத் துணி கிடையாது. “இத்த மட்டும் ஒழுங்கா குடுத்துட்டேன்னா அந்த சர்ச்சுல பாதிப்பேரு என் ஊட்டு வாசல்ல நிப்பாங்கக்கா” என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கழுத்தைச் சுற்றி முத்து கோக்கும் வேலை மட்டும் மிச்சமிருந்தது. மறுநாள் காலை கல்யாணம். கறை பட்ட அன்றைக்கே சாயந்திரம் பெண்ணின் அம்மா வந்து வாங்கிப்போவதாகப் பேச்சு.

அந்த ரவிக்கை என் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் கஞ்சி.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு முந்திரி மரம் இருக்கிறது. வெயில் காலத்தில் காலையில் போய்ப் பார்த்தால் மஞ்சளும் சிவப்புமாகப் பழங்கள் விழுந்து கிடக்கும். அடியில் தொங்கும் கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்பதால் கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு அதைத் திருகி எடுத்துவிடுவேன். பழத்தைக் கழுவி, நறுக்கி, பழைய வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்தால் சாறு கொட்டும். அதை அப்படியே குடித்தால் தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். பேசவே முடியாது. எனக்குப் பேசாமல் இருக்க முடியுமா? அதனால் ஆறின சோற்றுக் கஞ்சியை ஊற்றிக் கொஞ்ச நேரம் அசையாமல் வைப்பேன். காறல் எல்லாம் திரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும், மேலே தெளிந்த சாறு நிற்கும். எங்கள் வீட்டில் குக்கர் சோறு. அவள் வடிக்கிறவள். ஆகவே வருஷா வருஷம் கஞ்சி அவள் வீட்டிலிருந்துதான் வரும்.

அன்றைக்கும் ஒரு கையில் கஞ்சிச் சொம்பு, மறு கையில் ரவிக்கையோடு வந்தாள். “உன் ஊட்டுல வெளிச்சம் நல்லா கீது, இங்கயே முத்து வெக்கிறேன்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் மூட்டையைப் பிழிவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை.

“இன்னாக்கா, பழத்துக்குக் கால் அமுக்கி வுடறியா? குடு இப்டி.”

ரவிக்கையை நாற்காலியில் வைத்து, மேலே ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் வந்தாள். போர்வையை முறுக்குகிற முறுக்கு ஒன்று கொடுத்தாள். நைந்த துணிதானே, ஓரத்தில் பொத்துக்கொண்டு சாறு பீய்ச்சியது. துண்டில் நாலைந்து துளி. துண்டு விலகியிருந்த இடத்தில், ரவிக்கையின் தோள்பட்டையில் ஒரு துளி. ஓடிப்போய் ஈரப்பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். எடுத்தபின் பார்த்தால் வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. அப்போதுதான் காய்ந்தால்தான் தெரியும் என்ற அந்தப் பேச்சைச் சொன்னாள்.

சோப்புப் போடலாமா என்றேன். கறுத்துவிடும் என்றாள். அந்த இடத்தில் ஒரு முத்து வைத்து மறைத்தால்? “தோள்ல ஒத்த முத்து வெச்சா மரு மாதிரி நிக்கும்க்கா.” பூந்தமல்லியில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். “முந்திரிக் கறையா?” என்று அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். “என் கல்யாணப் பொடவையில பட்டது இன்னும் அப்டியே கீதேம்மா.” இவள் போனை வைத்துவிட்டாள்.

அவள் முத்துகளைக் கோத்து முடித்தாள். நான் சாற்றில் கஞ்சியை ஊற்றித் தெளியவைத்து, இறுத்து, உப்பும் சர்க்கரையும் தட்டிப்போட்ட இஞ்சியும் சேர்த்தேன். வீடு முழுக்க முந்திரிப்பழ வாசனை. வாயில் வைக்க இருவருக்கும் மனம் வரவில்லை. மத்தியானத்துக்குள் துண்டில் விழுந்த துளிகள் தேநீர் சிந்தினாற்போல் பழுப்பாகிவிட்டன. துண்டைப் பார்ப்போம், ரவிக்கையைப் பார்ப்போம், மறுபடி துண்டைப் பார்ப்போம். ரவிக்கை காய்ந்துவிட்டது. தோளில் ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் உற்றுப் பார்த்தால் ஏதோ நிழலாடுவது போலிருந்தது, கண்ணைக் கசக்கினால் காணவில்லை.

பெண்ணின் அம்மா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கினார். பக்கத்து வீடு பூட்டியிருப்பதைப் பார்த்து என் கேட்டருகே வந்து குரல் கொடுத்தார். உட்காரவைத்தோம். ரவிக்கையை மடியில் விரித்து, முத்துகளை ஒவ்வொன்றாகத் தடவினார்.

“இன்னாமா இது, கடையில கூட இப்டி வெக்க மாட்டாங்களே!”

குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் இருந்த நிலையில், கைக்கு எது அகப்பட்டதோ அதைக் கொடுத்துவிட்டேன். அவர் கையில் தளும்பத் தளும்ப முந்திரிச் சாறு, மடியில் வெள்ளை ரவிக்கை. நல்லவேளை, ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

“தொண்டையே புடிக்கல! எப்டிமா செஞ்சீங்க?”

நான் பதில் சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

“நாளைக்கு எல்லாரும் யாரு தெச்சதுன்னு கேப்பாங்க. உன் பேரத்தான் சொல்லுவேன்” என்று அவர் ரவிக்கையை மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். போகட்டும், கறை வந்தால்தானே, வராமலே போகலாம், வாயைத் திறக்காதே என்று அர்த்தம். அவளும் புரிந்துகொண்டாள். அந்த அம்மா செருப்பில் கால் நுழைக்கும்வரை சும்மாதான் நின்றாள்.

“கொஞ்சம் இருங்கம்மா” என்றாள் பிறகு.

அவர் கையிலிருந்து பையை வாங்கினாள். ஜிப்பைத் திறந்து, ரவிக்கையை எடுத்து உதறி விரித்தாள். தோள்பட்டையில், ஒன்றுமே தெரியாத அந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்து, “இங்க” என்று காட்டினாள்.