இஸ்திரிப் பெட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி

கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்களாம். யார் பார்த்தது? மாடி வீட்டுக்காரி பார்த்தாளா, அவளுக்குச் சொன்ன தையல்காரி பார்த்தாளா? என் மாப்பிள்ளைக்கும் மருந்துக்கடைப் பெண்ணுக்கும் தொடுப்பாம், அது முதலாளி காதுக்குப் போய் அவரை வேலையை விட்டுத் துரத்தினார்களாம். இப்படித்தான் தெரு முழுக்கப் பேச்சு. அன்றைக்கு அவர் வேலை பார்த்த கடைக்குள் இருந்தவள் நான். பிளாஸ்டிக் வாளி அடுக்குக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள் நான். ஏன் அங்கே ஒளிந்து நின்றேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அதில் வெட்கம் எனக்குத்தான்.

வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடையில் மாப்பிள்ளை பதினோரு வருஷம் ரிட்டர்ன் கவுண்டரில் உட்கார்ந்தவர். வாங்கிப்போன பொருள் சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் முதலில் அவர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்தே பாதிப் பேர் வந்த வழியே போய்விடுவார்கள். குக்கரைக் கொடுத்தால் மூடியை மோந்து பார்ப்பார். ஃபிளாஸ்க்கைக் கொடுத்தால் உள்ளே விரலை விட்டு, அந்த விரலை மோந்து பார்ப்பார். அதனால் கடையில் அவருக்கு ‘மோப்பம்’ என்றே பெயர்.

முதன்முதலில் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே காபி டம்ளரைத் தூக்கி அடியில் பார்த்தார்.

“என்ன, எறும்பு இருக்கா?” என்றேன்.

“இல்லங்க, ஓட்டை இருக்கானு பார்த்தேன்.”

என் மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டம்ளருக்கே இந்தப் பாடு என்றால் என் மகளுக்கு என்ன பாடோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். சந்தேகப்படுவாரே ஒழிய அநியாயம் பண்ண மாட்டார். பொருள் கெட்டதுதான் என்று அவர் வாயால் சொல்லிவிட்டால், முதலாளியே முறைத்தாலும் புதுசு எடுத்துக் கொடுத்துவிடுவார். திரும்ப வாங்கிய கெட்டதின் அடியில் என் மகளுடைய நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். குண்டூசித் தலை அளவுதான். கடையில் வேறு யாருக்கும் அது தெரியாது.

“எதுக்கு மாப்பிள்ளை இந்தப் பொட்டு?” என்று கேட்டேன்.

“ஜனங்க லேசுப்பட்டவங்க இல்ல அத்தை. குடோன்ல ஆளைப் பிடிச்சு, கம்பெனிக்குத் திரும்பிப் போக வேண்டிய கெட்டதை வெளிய எடுப்பாங்க. அதையே எங்கிட்ட நீட்டி இன்னொரு புதுசு கேப்பாங்க. இந்தப் பொட்டு இருந்தா மாட்டுவாங்கல்ல?”

மருந்துக்கடைப் பெண் மாட்டியது இப்படித்தான். ஒரு நாள் சாயங்காலம் மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். “இன்னிக்கு ஒரு திருடியைப் பிடிச்சேன்” என்றார். அந்தப் பெண் இஸ்திரிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, ஷாக் அடிக்கிறது, கை மரத்துப் போய்விட்டது என்றிருக்கிறாள். இவர் திருப்பிப் பார்த்தால் கைப்பிடிக்கு அடியில் சிவப்புப் புள்ளி. கடையே கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறார்.

“இதைக் குடோன்லேர்ந்து யாரு உனக்கு எடுத்துக் கொடுத்தது?”

“என்ன உளர்றீங்க? முந்தாநாள் இங்க வாங்கினது. இந்தாங்க பில்லு.”

“பில்லு வேற பெட்டியோடதா இருக்கும்.”

“நல்லா இருக்கே! ஷாக் வாங்கினவளும் நான், திருடியும் நானா?”

பில்லின் அடியில் விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று அச்சடித்திருப்பதை இவர் காட்டியிருக்கிறார். அதற்கு அவள், “நீங்க அச்சடிச்சா சட்டமாயிடுமா? கெட்டதை வித்தா மாத்தித் தரணும். இல்லனா நுகர்வோர் மன்றத்துக்குப் போவேன். என் பெட்டியை வாங்கி வெச்சுக்கிட்டதா எழுதிக் கொடுங்க” என்றாளாம். எழுதி வாங்கிக்கொண்டுதான் போனாளாம்.

எல்லாவற்றையும் கேட்ட என் மகள், வாயும் வயிறுமாக உட்கார்ந்திருந்தவள், ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “திருடினவ எழுதி வாங்கிட்டுப் போவாளா? ஓடிப் போயிருக்க மாட்டாளா?”

அன்றிலிருந்து மாப்பிள்ளையின் பேச்சே குறைந்துபோயிற்று. அந்த மாசத்தில் இரண்டு தரம் மருந்துக்கடை வாசலில் நின்றார் என்று மாடி வீட்டுக்காரி வந்து சொன்னாள். “உங்க வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று கேட்டு ஒரு சிரிப்பு வேறு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளுக்கு ஏழு மாசம். இந்த நேரத்தில் இவர் புத்தி எங்கே போகிறது? கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். மோப்பத்தின் சட்டையையே மோந்து பார்த்த மாமியார் நான். இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது.

“மருந்துக்கடையில உங்களுக்கு என்ன வேலை?” என்று நேராகவே கேட்டேன்.

“ஒரு அட்டைப்பெட்டி பார்க்கப் போனேன் அத்தை” என்றார்.

அட்டைப்பெட்டியாம்! இதை யார் நம்புவார்கள்? மறுநாள் அவர் கிளம்பியதும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். கடைக்குள் ரிட்டர்ன் கவுண்டருக்குப் பக்கத்தில் வாளிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அதன் பின்னால் நின்றுகொண்டேன். அவள் வருவாள், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

அவள் வரவில்லை. முதலாளிதான் கையில் காகிதத்தோடு வந்தார். அந்தப் பெண் சொன்னபடியே நுகர்வோர் மன்றத்துக்குப் போய்விட்டாள், அங்கிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. அதற்குப் பதில் கொடுக்க, மாப்பிள்ளை சொல்வது மாதிரி எழுதிக்கொண்டுவந்த காகிதத்தை அவரே படித்துக் காட்டினார்: ‘வாடிக்கையாளர் பெட்டியைக் கீழே போட்டதால் பழுதாகிவிட்டது. நான் சோதித்துப் பார்த்தேன்.’

“இதுல ஒரு கையெழுத்துப் போடு.”

“கீழ விழுந்த பெட்டின்னா மூக்கு நசுங்கியிருக்கும் சார். இதுல கீறல்கூட இல்ல.”

“உன்னை ஆராய்ச்சி பண்ணச் சொன்னேனா?”

“பண்ணிட்டேன் சார். அந்தம்மாகிட்ட அட்டைப்பெட்டியை வாங்கிப் பார்த்தேன். மேல ஒட்டின சீல் கம்பெனியோடது இல்ல, நம்மளோடது. குடோன்லயும் பிரிச்சுப் பார்த்தேன். புது அட்டைக்குள்ள நான் பொட்டு வெச்ச சாமான் பதினேழு கிடக்கு. கெட்டதைத்தான் மறுபடி புதுசுன்னு விக்கிறோம்.”

“எல்லாம் சரிபண்ணி வெச்சதுதான்.”

மாப்பிள்ளை அந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். பிளக்கைச் செருகினார். சுவிட்சைப் போட்டார்.

“சரிபண்ணினதுன்னா கொஞ்சம் பிடிச்சுக் காட்டுங்க சார்.”

முதலாளியின் கை தானாகப் பேன்ட் பைக்குள் போயிற்று.

“பதினோரு வருஷம் சோறு போட்ட கடை இது. வீட்ல குழந்தை வரப்போகுதுன்னு நீதானே சொன்னே? கையெழுத்துப் போடு, இல்ல கிளம்பு.”

பொய் சொல்லவில்லை, கையெழுத்தைப் போட்டுத் தொலையுங்கள் மாப்பிள்ளை என்றுதான் வாளிக்குப் பின்னால் நின்ற என் மனசு அடித்துக்கொண்டது.

“நாலு பேர் முன்னால அந்தப் பொண்ணைத் திருடின்னு சொல்லிட்டேன் சார்” என்றார் அவர். “மருந்துக்கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், அட்டைப்பெட்டியைத் தந்துச்சே ஒழிய மூஞ்சியைக்கூடப் பார்க்கல அது. இப்ப இதுலயும் கையெழுத்துப் போட்டா, அது ஏமாத்துக்காரின்னு நான் சொன்னதே நெசமாயிடும்.”

சுவிட்சை அணைத்தார். சட்டையில் குத்தியிருந்த கடை அடையாள அட்டையைக் கழற்றிக் காகிதத்தின் மேல் வைத்தார். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

வாட்ச்மேன் கதவைத் திறந்தான். இவர் நகரவில்லை.

“என்னைச் சோதனை போடு.”

“உங்களையா அண்ணே?”

“நல்லாப் பாரு. நாளைக்கு அதைக் காணோம், இதைக் காணோம்பாங்க.”

டப்பாவைத் திறந்து காட்டினார். பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். கையில் ஒன்றும் இல்லை, மணி பதினொன்றேகால் என்று நோட்டில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்தும் பார்த்தார். நான் எட்டிப் பார்த்ததில் மேல் வாளி உருண்டு கீழே விழுந்தது.

“அத்தை? இங்க என்ன பண்றீங்க?”

“வாளி பார்க்க வந்தேன்.”

“பார்த்தாச்சா?”

“பார்த்தாச்சு.”

“அப்ப உங்க பையையும் காட்டிட்டு வாங்க.”

காட்டினேன். குடையும் ஒரு கைக்குட்டையும்தான் இருந்தன. வாட்ச்மேன் அதையும் எழுதிக்கொண்டான். மாப்பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முதலில் இறங்கினேன், பிறகு அவர் இறங்கினார்.