பந்து தூக்கியவரின் கோப்பை

எங்கள் வீட்டில் அரிசி அளப்பது ஒரு பித்தளைக் கோப்பையால். முன்பு இரண்டு கைப்பிடிகள் இருந்தன, இப்போது ஒன்று. தலை தட்டி இரண்டு கோப்பை போட்டால் எங்கள் இருவருக்கும் சரியாக இருக்கும். தட்டாமல் போட்டால் காக்கைகளுக்குக் கொண்டாட்டம். அதனால் நான் தினமும் சமையலறையில் எட்டிப் பார்ப்பேன், என் மனைவி தினமும் முறைப்பாள். அந்தக் கோப்பையின் வயிற்றில் ஒரு காலத்தில் நான்கு வரிகள் பொறித்திருந்தன: சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம், என் மச்சானின் பெயர், அவருடைய மில்லின் பெயர், கடைசியாகப் பல்லடம் என்று ஊரின் பெயர்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். சூலூரில் நாங்கள் பெண் பார்க்கப் போனபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். வாசற்படியில் தலை இடித்துவிடுமோ என்று குனிந்தே உள்ளே வந்தார். "தம்பிக்கு என்ன வேலைங்க?" என்று என் அப்பா கேட்டார். "மில்லுல பந்து தூக்கறனுங்க" என்றார் மச்சான். அப்பா தட்டிலிருந்து எடுத்த முறுக்கைத் திரும்ப வைத்தார். "அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களாக்கும்?" "மாசம் பொறந்தா குடுத்துப்போடுவாங்க. தறி ஓட்டறவங்க, நூல் நூக்கறவங்க நிக்கற அதே வரிசைலதானுங்க நானும் நிக்கறேன்." திரும்பும் பஸ் சூலூர் எல்லையைத் தாண்டியதும் அப்பா என் பக்கம் திரும்பினார். "பந்து தூக்கறதெல்லாம் ஒரு பொழப்பாடா?" என்று கேட்டார். எனக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டதால் அது நல்ல பிழைப்புதான் என்று சாதித்தேன்.

மில்களுக்குள் வாலிபால் போட்டி அன்று பெரிய விஷயம். நல்ல ஆட்டக்காரன் எங்கிருந்தாலும் தேடிப் பிடித்து நூற்புப் பிரிவில் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அவன் கை நூல் சுற்றும் கதிரைத் தொடாது. மச்சானின் வேலை வலைக்கு அருகே நின்று, வரும் பந்தை அடிப்பவருக்கு வாகாக மேலே தூக்கி வைப்பது. கழிவுப் பஞ்சில் உள்ளங்கையைத் துடைத்துவிட்டு இரண்டு கையையும் நெற்றிக்கு மேல் விரிப்பார். பந்து அவர் விரல்களில் பட்ட சத்தமே கேட்காது. எங்கள் பக்கத்து மரியாதை ஆட்டத்திலும் விடாது. "வெச்சுப்போட்டேன், அடிங்க!" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பந்து எதிரணியின் தரையில் குதித்துவிடும். "மொதல்ல அடிக்கச் சொல்லு, அப்பறம் 'ங்க' போடு!" என்று எதிரணிக்காரர்களே சிரிப்பார்கள். நான் கணக்கு வாத்தியார் என்பதால் பல்லடம் போட்டியில் எண்ணிக்கொண்டே பார்த்தேன். கடைசி ஆட்டத்தின் பதினைந்து புள்ளிகளில் பதினொன்று அவர் கையிலிருந்து கிளம்பியவை. கைதட்டல் எல்லாம் அடித்தவருக்கு. அன்றைக்கு மட்டும் நடுவர்கள் கோப்பையை மச்சானிடம் கொடுத்தார்கள். கோப்பையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "மாப்ள, எங்கூட்டுல வெச்சா பசங்க ஒடைச்சுப்போடுவாங்க" என்று தங்கையிடம் தந்துவிட்டுப் போனார்.

மச்சான் போய்ச் சேர்ந்த பிறகு, கோவையில் இருக்கும் எங்கள் மகள் தன் மாமாவைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பதிவு எழுதினாள். ஆட்டத்துக்காகவே சம்பளம் வாங்கிய இப்பகுதியின் ஆரம்பகால ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று தொடங்கியிருந்தாள். சில நாளில் அதை நீக்கலாம் என்று அங்கே பதிவுகளைச் சரிபார்ப்பவர்களில் ஒருவர் முன்மொழிந்தார். குறிப்பிடத்தக்கவர் என்பதற்குச் சான்று இல்லையாம். "எங்கண்ணனத் தூக்கி வெளிய போட்டுருவாங்களாமா?" என்று கேட்டாள் என் மனைவி. "கோப்பை இருக்குதல்ல?" என்றேன் நான், பெரிய கெட்டிக்காரனைப் போல.

மகள் வந்து படம் எடுக்கக் கோப்பையை வெளிச்சத்தில் திருப்பினாள். திரும்பத் திரும்பத் திருப்பினாள். அத்தனை வருட வெள்ளிக்கிழமைகளின் புளியும் சாம்பலும் நான்கு வரிகளையும் தேய்த்து எடுத்துவிட்டிருந்தன. மிஞ்சியது இரண்டே எழுத்து: 'பல்'. "ஏனுங்கம்மா, மாமனையே வெளக்கிப்போட்டீங்களே!" என்றாள் மகள். ஒரு கணம் திகைத்த என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். பல் டாக்டர் கொடுத்த கோப்பை என்று வேண்டுமானால் நிரூபிக்கலாம்.

எனக்கு அந்த முன்மொழிந்தவர்மேல் கோபம் வரவில்லை. வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதியவனுக்கு நானும் மதிப்பெண் போட்டதில்லை. மில் கொடுத்த சம்பளத்தில் பந்து ஆடிய எல்லோரையும் சேர்த்தால் கலைக்களஞ்சியம் வருகைப் பதிவேடாகிவிடும். ஆனாலும் மனம் ஆறவில்லை. பந்து தூக்குவது ஒரு வேலை என்று ஊர் நம்பாத காலத்தில், அதை வேலை என்று என் அப்பா முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். பின்னால் வந்தவர்களிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அதற்குச் சான்று எந்தக் கோப்பையில் இருக்கும்?

பதிவு நீக்கப்பட்டது. ஆனால் நீக்கச் சொன்ன அந்த மனிதரே தேடிப் பார்த்திருக்கிறார். அந்த அணியில் அடித்து ஆடியவர் பிறகு மாநில அணிக்குப் போனவர். அவருக்குத் தனிப் பதிவு உண்டு. அவருடைய பழைய பேட்டி ஒன்றில், இவர் தூக்கி வைத்தால் கண்ணை மூடிக்கொண்டே அடிப்பேன் என்று மச்சானைப் பெயர் சொல்லிப் புகழ்ந்திருந்தார். அந்த வரியை, பெயரோடும் சான்றோடும், அடித்தவரின் பதிவில் சேர்த்துவிட்டார்கள். மகள் போனில் படித்துக் காட்டினாள். என் மனைவி இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அவருக்கு ஒரு பக்கம், எங்கண்ணனுக்கு ஒரு வரியாக்கும்" என்றாள். பிறகு முகம் மலர்ந்தது. "பாருங்க, அங்க போயும் பந்தத் தூக்கிக் குடுத்துப்போட்டு ஓரமா நிக்குது."

அடுத்த வெள்ளிக்கிழமை கிணற்றடியில் புளியும் கையுமாக உட்கார்ந்தவளிடம், கோப்பையில் அந்த இரண்டு எழுத்து இருக்கும் பக்கத்தை மட்டும் தேய்க்காமல் விட்டுவிடச் சொன்னேன். "கறுத்துப்போன கோப்பையையா எங்கண்ணன் குடுத்துச்சு? போயி பேப்பரப் படிங்க" என்று அழுத்தித் தேய்த்தாள். வெயிலில் காயவைத்த கோப்பையை அவள் உள்ளே போனதும் எடுத்துப் பார்த்தேன். கண் கூசுகிறது. இந்த வாரம்வரை இரண்டு எழுத்தும் இருக்கின்றன.