மூடியிருந்த தட்டு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நேரங்கள் என் குறிப்பேட்டில் இருப்பவை. நான் எங்காவது தவறினேனா என்று இருபது முறை சரிபார்த்துவிட்டேன்.

பிளோவ்டிவ் நகரில் மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. வெலிகா என்ற நோயாளி இறந்துவிட்டார். அவருடைய புற்றுநோய்ச் செல்களை வளர்ப்பேன். அவற்றுக்குக் கொடுக்கும் மருந்து தனியாக ஒன்றும் செய்யாது. ஒளி பட்டால்தான் உள்ளேயிருக்கும் ஆக்சிஜன் நஞ்சாகிச் செல்லைக் கிழிக்கும். அதைச் சோதிக்க, செல்கள் வளரும் ஒரு தட்டுக்கு மருந்து மட்டும் கொடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, இருட்டறையில் வைப்போம். அந்தத் தட்டு சாகக் கூடாது.

இரண்டு வியாழக்கிழமை தொடர்ந்து செத்தது.

"கதவைத் திறந்து போட்டுட்டு போன் பாத்திருப்ப, சோர்னிட்சா," என்றார் ஆய்வகத் தலைவர் டாக்டர் கரஸ்தோயனோவ். "சாயங்காலம் வகுப்பு, பகல்ல தூக்கம். இன்னொரு தடவை செத்தா நீ வீட்டுக்குப் போகலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களே கூட உக்காந்து பாருங்க, டாக்டர்."

"பாக்கறேன், மகாராணி."

ஜூன் 12, மூன்றாவது வியாழன். மாலை 3.50. உள்ளிருந்து தாழிட்டோம். ஒளிமானியை வைத்தேன். வெளிச்சம் பட்டால் கூவும், நேரத்தையும் பதிந்துகொள்ளும்.

4.10. சரக்... சரக்... தாள் கசங்கும் சத்தம்.

"கைய எடு," என்றார் டாக்டர்.

"என் கை என் மடியிலதான் இருக்கு."

ஒளிமானி கூவியது. என் கண்ணுக்கு இருட்டுதான்.

"டார்ச்சை அணை."

"எதுவும் எரியல."

"சுடுது... முகம் சுடுது..."

எனக்குச் சுடவில்லை.

4.17. நின்றது.

கதவைத் திறந்தேன். சுற்றிய தாள் பிரியவே இல்லை. உள்ளே செல்கள் கொப்புளித்துக் கிழிந்து கிடந்தன. டாக்டரின் நெற்றியிலும் கைகளிலும் கொப்புளங்கள்.

அந்தக் கையாலேயே பதிவேட்டில் எழுதினார்: உதவியாளரின் கவனக்குறைவு. என் வேலை போயிற்று.

ஆத்திரம் அடங்காமல், வெலிகாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க, அவரைக் கவனித்த நர்ஸ் கின்காவைத் தேடிப் போனேன். அவளையும் விரட்டியிருந்தார்கள். ரொட்டிக் கடையில் இருந்தாள்.

"அந்த மருந்தை ஏத்தினா ஒரு மாசம் வெயில் படக் கூடாதுடி. உங்க டாக்டருக்குக் கட்டுரைக்குப் படம் வேணுமாம். ஜன்னல் திரையை விலக்கினார். அந்தம்மா எரியுதுன்னு கதறுது. 'இன்னும் ஒண்ணே ஒண்ணு, அத்தை'ங்கறார். ஏழு நிமிஷம். பழி என் தலையில."

"அப்புறம்?"

"ரெண்டு நாள்ல போயிடுச்சு. கண்ணு ரெண்டும் வீங்கி மூடிக்கிச்சு. கடைசி வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டது ஒண்ணுதான்... 'அந்த டாக்டர் இப்ப எங்க நிக்கறார்?'"