இடப்பக்கத் துரு

லிஃப்ட் பழுதுபார்ப்பவனைக் கல்யாணம் செய்துகொண்ட கதையை யார் கேட்டாலும் அவன் மனைவி சொல்வாள். ஸ்கேன் மையத்தில் வேலை முடிந்து இறங்கும்போது லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. வெளியிலிருந்து ஓர் ஆண் குரல். பயப்படாதீங்க என்றெல்லாம் சொல்லவில்லை.

"நிக்கறதுக்கு முன்னாடி என்ன சத்தம் கேட்டுச்சு?"

"டக்குன்னு ஒண்ணு. அப்புறம் ஒரு இழுப்பு. ரப்பர் கருகற வாசனை."

"எது முதல்ல? இழுப்பா, வாசனையா?"

"யோவ், முதல்ல கதவைத் தெறய்யா!"

கம்பெனியில் அவனுக்கு 'விசாரணை' என்று பெயர். ஒன்றைச் சரிசெய்வதோடு அவனுக்கு ஆறாது. ஏன் கெட்டது என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சோறு இறங்காது. வீட்டில் மிக்ஸி கெட்டுப்போனால் அவனிடம் சொல்லாமல் மனைவி கடைக்குக் கொடுத்தனுப்பிவிடுவாள்.

மணலில் ஏற்றி ஓட்டி விளையாடும் வண்டி அவளுடையது. கூரை கிடையாது, கதவு கிடையாது, பின்னால் இன்ஜின். விடுமுறை நாட்களில் கடலோர மணல்மேடுகளில் ஏற்றி இறக்குவாள். ஓட்டுவது அவள், அடியில் படுத்து வேலை பார்ப்பது அவன், கழுவுவது அவள் அப்பா. அவர் பஸ் ஓட்டியவர். கண் மங்கியதும் ஸ்டியரிங்கை விட்டவர்.

ஒரு நாள் மேட்டிலிருந்து இறங்கும்போது பின்பக்க இடது சக்கரம் 'படார்' என்று உட்கார்ந்துவிட்டது. வண்டி சரிவில் அரைவட்டம் சுற்றி நின்றது. வீங்கிய மணிக்கட்டோடு வீடு வந்தாள்.

"சரி பண்ணிடலாம் விடு" என்றான்.

"சரி பண்றது இருக்கட்டும். ஏன் ஒடிஞ்சுதுன்னு சொல்லுங்க. அது தெரியாம நான் அதுல ஏற மாட்டேன். வித்துடலாம்."

ஊரையெல்லாம் அவன் கேட்டுத் துளைத்த கேள்வி, இப்போது அவனையே பார்த்து நின்றது.

அந்த வண்டியின் பின்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. குறுக்கே ஓர் இரும்புக் குழாய். அதற்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பிகள். உள்முனை குழாயின் நடுவில் பற்களில் மாட்டியிருக்கும். வெளிமுனையைச் சக்கரத்தின் தகடு பிடித்திருக்கும்; குழாயின் வாயை ரப்பர் வைத்த மூடி அடைத்திருக்கும். சக்கரம் மேலே எழும்போது, ஈரத்துணியைப் பிழிவதுபோல் கம்பி முறுக்கிக்கொள்ளும். பிறகு பழைய நிலைக்கு வரும். அவ்வளவுதான் ஸ்பிரிங்.

வலது கம்பியை உருவினான். பெயிண்ட்கூடப் போகவில்லை. இடது கம்பி இரண்டு துண்டாக வந்தது, உடம்பெல்லாம் அம்மைத் தழும்பு. ஒரு தழும்பின் குழியிலிருந்துதான் விரிசல் கிளம்பியிருந்தது. துருதான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே வண்டி, ஒரே கடல், ஒரே வயசு. ஏன் ஒரு பக்கம் மட்டும்?

குழாயின் இடது பாதியில் ஓட்டை இருக்குமோ என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். ஒழுகவில்லை. ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே உள்ளே நின்றது. வண்டி நிற்கும் இடம் சரிவோ என்று ரசமட்டம் வைத்தான். தரை சமம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பின்சக்கரமில்லாமல் முட்டுக்கட்டைமேல் நின்ற வண்டியை மாமனார் வழக்கம்போல் கழுவ வந்தார். பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, தண்ணீரைப் பீய்ச்சி, நேராக இடது குழாயின் மூடியில் அடித்தார்.

"அங்க எதுக்கு மாமா அடிக்கறீங்க?"

"உள்ள போன மணல் வெளிய வரணும்ல. தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் அடிப்பேன்."

"அந்தப் பக்கம்?"

"பைப் எட்டாது மாப்ள. அது பாவம், அழுக்காவே கெடக்கும்."

விடை கிடைத்தால் அவன் துள்ளுவான். இன்று விடை கையில் பைப்போடு நின்றது. பஸ்ஸை விட்ட பிறகு, கழுவுகிற நேரம் மட்டும்தான் அவர் ஒரு வண்டியைத் தொடுகிறார். இரும்பு பழசு என்று சொல்லிவிடலாமா? வலது கம்பியும் அதே பழசுதானே என்று மனைவி மடக்குவாள்.

சாப்பிடும்போது அவளே கேட்டாள். "ஏதாவது தெரிஞ்சுதா?"

சொன்னான். மூடியின் ரப்பரைத் தாண்டி உப்பும் தண்ணீரும் உள்ளே போகின்றன. வெளியே வர வழி இல்லை. வாராவாரம்.

மாமனார் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வண்டிக்குப் போனார். கண்ணை நம்பாமல் இடது கையின் கட்டைவிரலால் இரண்டு கம்பிகளையும் நெடுக வருடினார். திரும்பி வந்தபோது முகம் சிறுத்திருந்தது.

"அழுக்குப் பக்கத்துல விரல விட்டுப் பாத்தேன். சொட்டு ஈரம் இல்ல. ஏன் மாப்ள?"

"கிரீஸும் மணலும் சேந்து சிமெண்ட் மாதிரி வாய அடச்சிருச்சு மாமா."

"அப்ப நான் கை வெக்காததுதான் பொழச்சிருக்கு."

மகள் அவர் தட்டை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள். மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "தெரிஞ்சுபோச்சுல்ல, விடுங்கப்பா. சோறு ஆறுது." பிறகு கணவனிடம், "எப்ப முடியும்?"

புது இடது கம்பி வந்தது. முனையில் எந்தப் பக்கத்துக்கு என்று குறி உண்டு. ஒரு திசைக்கே முறுக்கிப் பழக்கிய கம்பி, பக்கம் மாறினால் ஒடியும். குழாயின் துருவைச் சுரண்டிக் காயவைத்து, உள்ளே மெழுகு எண்ணெயைப் பீய்ச்சினான். இரண்டு பக்கமும் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளை போட்டான். மூடியின் ரப்பருக்குப் பூச மாமனார் கிரீஸ் எடுத்தார்.

"கிரீஸ் பட்டா ரப்பர் ஊதிடும் மாமா. பவுடர் போடுங்க."

முகத்துக்குப் போடும் பவுடரை எடுத்துவந்து கொட்டினார். "குளிப்பாட்டின கையாச்சே, பவுடரும் நானே போடறேன்."

கம்பியை மாட்டிச் சக்கரத்தைப் பூட்டினார்கள். மாமனார் தள்ளி நின்று பார்த்தார். "இடது தூக்கலா நிக்குதே?" மங்கிய கண்ணுக்கே தெரிந்தது. ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தான். எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி மாட்டினான்.

மணலில் அவள் இன்ஜினை முடுக்கினாள். "அப்பா, ஏறுங்க."

"நான்?" என்றான் இவன்.

"நீங்க பின்னாடி ஓடி வந்து பாருங்க. உங்களுக்கு அதுதான பிடிக்கும்."

ஓடினான். இடது சக்கரம் எழுந்தது, இறங்கியது, எழுந்தது. மேட்டின் பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டான். வண்டி உச்சியைத் தாண்டி மறைந்தது. மாமனார் எதற்கோ கத்துவது மட்டும் கேட்டது.

மண்டியிட்டு இரண்டு சக்கரத் தடங்களிலும் விரலை விட்டு அளந்தான். இடது தடம் கொஞ்சம் கூடுதல் ஆழம். ஏன்?

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. மகளைவிடக் கனத்த மாமனார் உட்கார்ந்திருந்தது அந்தப் பக்கம்.