அடிமரத்துப் பழம்

வெள்ளவத்தையில் புதிதாக வாங்கிய வீட்டின் தோட்டத்தில், பெயர் தெரியாத மரமொன்றின் அடியில் சுருங்கிய முடிச்சுகள் புடைத்திருந்தன. பைறோஸா மேல்மாடியில் வாடகைக்கு இருந்த தர்ஷனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவன் தாவரவியல் படித்தவன், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பமொன்றின் முதல் பட்டதாரி. “நோய், ஆன்ட்டி. வெட்டுறதுதான் நல்லம்” என்று அடித்துச் சொன்னான்.

மறுநாள் மரம் வெட்டுகிறவர் கயிற்றோடு வந்துவிட்டார். அப்போதுதான் தர்ஷன் இலையைக் கவனித்தான். ஒரு காம்பில் இரண்டே சிற்றிலைகள். பல்கலைக்கழகத்தில், உலர்த்தித் தாளில் ஒட்டிவைத்துப் பார்த்த அதே இலை. தாளில் அடிமரம் இருக்கவில்லை. முடிச்சொன்றைப் பிய்த்துக் கடித்தான், புளித்தது.

“வெட்ட வேணாம் ஆன்ட்டி! நான் சொன்னது பிழை. இது நமினங் பழம், அடிமரத்துலதான் காய்க்கும்.”

“நேத்து நோய் எண்டீங்க, இண்டைக்குத் திண்டுக்கிட்டு நிக்கிறீங்க!” பைறோஸா கை நீட்டினார். “எனக்கும் ஒண்டு தாங்க மகன். அவருக்கும் குடுங்க, வந்த மனிசன் சும்மாவா போற?”